அச்சு கழுவியவள்

தயிரும் பழமும் சேர்த்து வீட்டில் குச்சி ஐஸ் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். தண்ணீரை வெளியேற்றுவதில்லை. ஸ்ட்ராபெரியை அப்படியே நசுக்கி, கடைத் தயிரில் கலந்து, அச்சில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்கள். மறுநாள் கடித்தால் பல்லுக்கடியில் பனிக்கட்டி நறநறக்கும். பழத்தைச் சர்க்கரை தூவி ஓவனில் அரைமணி நேரம் வாட்ட வேண்டும். தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் முழுக்க வடிந்த பிறகே எடுக்க வேண்டும். அப்போதுதான் ஐஸ் நாக்கில் வெண்ணெய் போல இறங்கும். வெயிலில் உருகினாலும் கையில் ஒழுகாது.

இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டுமா என்று யோசிப்பது தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள். வழக்குக்குத் தேவைப்படும்.

என் பெயர் ஆஸ்தா. வயது அறுபத்தேழு. ஸ்கெல்விக் துறைமுகத்தில், பாய்மரப் படகுகள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே, நீலக் கதவு வைத்த ஐஸ் கடையை முப்பத்தோரு கோடைக்காலம் நடத்தினோம். 'நடத்தினோம்' என்பது நான் சொல்வது. ஊரில் அதற்குத் தோர்கில் கடை என்றுதான் பெயர். ஐஸுக்கும் தோர்கில் ஐஸ் என்றே பெயர். தோர்கில் என் கணவர். இந்த வருடம் ஜூலை பத்தொன்பதாம் தேதி இறந்தார். நுரையீரலில் நீர் இறங்கிக் கிருமி பற்றியதால் இறந்தார் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதில் பிழை எதுவும் இல்லை.

நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தது மைபிரிட் என்ற பெண்ணுக்காக. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடை தொடங்கிய முதல் கோடையில் ஓடென்ஸ் நகரத்திலிருந்து வேனில் வரும் ஐஸைத்தான் விற்றோம். ஒரு சனிக்கிழமை வேன் வழியில் நின்றுபோனது. துறைமுகம் முழுக்கப் படகுகள், கடை வாசலில் குழந்தைகள், பெட்டியில் ஒன்றுமில்லை. தோர்கில் ஜன்னலருகே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வீட்டுக்கு ஓடி, காலை உணவுக்கு வைத்திருந்த தயிரையும், பக்கத்துத் தோட்டத்தில் அடிபட்டதென்று ஒதுக்கியிருந்த ஸ்ட்ராபெரியையும், பின்கட்டில் முளைத்திருந்த, புளிப்பான ரூபார்ப் செடித் தண்டையும் சேர்த்துக் காகிதக் கோப்பைகளில் உறைய வைத்துக் கொண்டுவந்தேன். மறுவாரம் வேனில் வந்த ஐஸை யாரும் வாங்கவில்லை.

அவருக்கு வாய் இருந்தது. எனக்குக் கை இருந்தது. அவர் முன்னால் ஜன்னலில் நின்றார். நான் பின்னால் சமையலறையில் நின்றேன். அந்த ஏற்பாட்டில் எனக்கு வருத்தம் இருந்ததாக நினைவில்லை. அவர் நன்றாகவே விற்றார். ஒவ்வொரு குழந்தையின் பெயரும் அவருக்குத் தெரியும், ஒவ்வொரு படகின் பெயரும் தெரியும்.

"தோர்கில், இதுல அப்படி என்னதான் போடுற?" என்று யாராவது கேட்பார்கள்.

"சொல்லிட்டா நாளைக்கே நீ எதிர்ல கடை போட்டுருவியே," என்று கண்ணடிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

அவர் சொல்லாததற்குக் காரணம் எளிது. அவருக்குத் தெரியாது. தேன் எவ்வளவு, ரூபார்ப் எப்போது சேர்ப்பது, எதுவுமே தெரியாது. என் நோட்டுப் புத்தகத்தை அவர் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து அவரைப் படம் எடுத்துப் போட்டார். 'கோடையை உறைய வைத்த மனிதர்' என்று தலைப்பு. அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அது என்னுடையது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய பால் நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பெயர் வேண்டாம், அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. ஸ்ட்ராபெரியும் ரூபார்ப்பும் கலந்ததை வாங்கி, கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றார். ஒருவர் அப்படித் தின்பதைப் பின்கதவிலிருந்து நான் முதல் தடவையாகப் பார்த்தேன். பிறகு ஜன்னலுக்கு வந்து, "இதைச் செய்யறவங்களோட நான் பேசணுமே. எங்க சோதனைக் கூடத்துக்கு இப்படி ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்," என்றார்.

நான் ஏப்ரனில் கையைத் துடைத்தேன்.

"பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க," என்றார் தோர்கில். "எல்லாம் என் கைப்பக்குவம். என் பொண்டாட்டி அச்சு கழுவித் தருவா, அவ்வளவுதான்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். மரியாதையான புன்னகை. அச்சு கழுவுகிறவளைப் பார்த்துச் செய்யும் புன்னகை. தோர்கில் அந்த வேலைக்குப் போகவில்லை. கடையை விட்டு வரமுடியாது என்று பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். போயிருந்தால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

கடை மூடிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னே?"

"எப்படி?"

"நான் அச்சு கழுவுறவள்னு."

"ஏன், கழுவலையா நீ?" என்றார்.

கழுவினேன்தான். ஒவ்வொரு நாளும் இருநூறு அச்சு கழுவினேன்.

அன்று கோபம் வந்ததா என்கிறீர்கள். இல்லை. நான் கோபக்காரி இல்லை, யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். அன்று வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு வேகவைத்தேன். மீன் பொரித்தேன். அவர் முள் எடுக்கச் சோம்பேறிப்படுவார் என்பதால் முள் எடுத்துத் தட்டில் வைத்தேன்.

இந்த வருடம் மார்ச் மாதம், ஈஸ்டருக்குக் கடை திறக்க ஜன்னலுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்து சரிந்தார். மூளையில் இரத்தக் குழாய் அடைத்துவிட்டது. வலது பக்கம் முழுக்கச் செயலிழந்தது. பேச்சும் போய்விட்டது. நான்கே நான்கு சொற்கள் மிஞ்சின. ஆமா, இல்லை, ஐஸ், நான்.

மே கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று விழுங்கும் பயிற்சி தரும் பெண் கூடவே வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எனக்கு விளக்கினாள்.

"தண்ணி, காப்பி, ஜூஸ், எதுவா இருந்தாலும் இந்தப் பொடியக் கலந்து கூழ் மாதிரி ஆக்கித்தான் குடுக்கணும், ஆஸ்தா. மெல்லிசா இருந்தா தொண்டையில வழி தவறி நுரையீரலுக்குப் போயிடும். இவருக்கு இருமக்கூட வராது. போறது உங்களுக்கே தெரியாது."

"ஐஸ் குடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"அது கூடவே கூடாது. கையில பாக்க கெட்டியா இருக்கும், வாயில போனா தண்ணிதானே. ஆசைப்பட்டார்னா கட்டித் தயிர் குடுங்க, கரண்டியில."

இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். இப்போதும் அங்கே ஒட்டியிருக்கிறது. தயிர் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் படிப்பேன். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று தயவுசெய்து யாரும் எழுதிவிட வேண்டாம்.

முதல் நான்கு வாரம் என்னைவிட நன்றாக ஒருத்தரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காலையிலும் மாலையிலும் நகராட்சியிலிருந்து மைபிரிட் வருவாள். இருபத்தாறு வயது. கழுத்தில் ஒரு குருவியைப் பச்சை குத்தியிருப்பாள், வந்ததிலிருந்து போகும்வரை பேசிக்கொண்டேயிருப்பாள். "எப்படி இருக்கார் நம்ம ஐஸ் ராஜா?" என்றுதான் உள்ளே நுழைவாள். அவர் இடது பக்கத்து உதட்டால் சிரிப்பார். மற்ற நேரமெல்லாம் நான்தான். காப்பியில் பொடி, சூப்பில் பொடி, பீரில்கூடப் பொடி கலந்து கொடுத்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

ஜூன் இருபத்து மூன்றாம் தேதி, கோடை நடுவில் தீ மூட்டும் விழா. சக்கர நாற்காலியில் அவரைத் துறைமுகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ஊரே திரண்டிருந்தது. துறைமுகச் சங்கத் தலைவர் போல்-எரிக் பேசினார். தோர்கில் இந்த ஊர்க் குழந்தைகளின் நாக்கில் எழுதிய இனிப்பு அழியாது என்றார். கடைக்கு எதிரே ஒரு மரப்பெஞ்சு போட்டிருந்தார்கள். பித்தளைத் தகட்டில் அவர் பெயர். அதன் கீழே, 'தோர்கில் ஐஸைப் படைத்தவர்'.

போல்-எரிக் குனிந்து, சத்தமாக, குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டார். "சொல்லுங்க தோர்கில், இந்த ஊருக்கு ஐஸ் குடுத்தது யாரு?"

அவர் நல்ல கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தார். "நான்," என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நெருப்பில், வருடா வருடம் போல, வைக்கோலில் செய்த சூனியக்காரி பொம்மை எரிந்துகொண்டிருந்தது. போல்-எரிக் என் தோளில் கைவைத்து, நல்ல மனதோடுதான், சொன்னார். "ஆஸ்தா, அவரு செய்முறைய எங்கயாவது எழுதி வச்சிருப்பாரு, தேடிப் பாரு. பாத்துப் பாத்து நீயே செஞ்சிரலாம். அவரு அளவுக்கு வராட்டியும் பரவால்ல, நாங்க வாங்கிக்கிறோம்."

"முயற்சி பண்றேன்," என்றேன்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குத் தோட்டத்தில் நாற்காலியைப் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "ஐஸ்," என்றார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டது அவர். அதற்கு முன்பும் கேட்டிருக்கிறார், கட்டித் தயிரைக் கரண்டியில் கொடுத்துச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். அன்று கேட்டதையே கொடுத்தேன்.

முதல் மூன்று நாளும் முறைப்படி செய்த ஐஸ். வாட்டிய பழம், வடித்த தயிர். முன்பே சொன்னேன், அது உருகினாலும் ஒழுகாது. அதனால் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் தயிரைத் துணியில் கட்ட மறந்துவிட்டேன். ஐந்தாம் நாளும் மறந்தேன். ஆறாம் நாள் பழத்தை வாட்டவும் மறந்து, பச்சைப் பழத்தின் சாற்றையே பாதிக்குமேல் ஊற்றினேன். முப்பத்தோரு வருடத்தில் அப்படி ஒரு மட்டமான ஐஸ் என் கையிலிருந்து போனதில்லை. வாயில் வைத்த நிமிடமே தண்ணீர். எனக்கு அது பிடிக்கவில்லை. செய்கிற தொழிலில் ஒரு மரியாதை உண்டு இல்லையா. ஆனாலும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

இரண்டு கடிக்கு ஒருமுறை கேட்பேன். "இதை யாரு செஞ்சது, தோர்கில்?"

"நான்," என்பார்.

இந்த நோயில் நினைப்பது ஒன்றாகவும் வாயில் வருவது வேறாகவும் இருக்கும் என்று பயிற்சிக்காரப் பெண் சொல்லியிருந்தாள். இனிப்பு என்று சொல்ல நினைத்து நான் என்று சொல்லியிருக்கலாம். பசி என்று நினைத்துச் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் மூளை முழுசாக இருந்த நாட்களிலும் அவர் இதையேதான் சொன்னார். மிஞ்சிய நான்கு சொற்களில் 'நீ' இல்லை. நோய்க்கு முன்பும் அது அவர் வாயில் அதிகம் புழங்கிய சொல் இல்லை. ஒரே ஒரு தடவை அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே நிறுத்தியிருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இதை நான் சத்தியம் செய்தே சொல்வேன்.

ஜூலை முதல் வாரத்தில் மைபிரிட் குப்பை வாளியைக் கட்டும்போது கேட்டாள். "என்ன ஆஸ்தா, ஒரே ஐஸ் குச்சியா கெடக்கு? இவருக்குக் குடுக்கலையே?"

"எனக்குத்தான். வெயில் தாங்கல."

"அதானே பாத்தேன். எனக்கும் ஒண்ணு வச்சிருங்க," என்று சிரித்தாள்.

அவளுக்கு முறைப்படி செய்த ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தேன். மறுநாள் காலை வாசலில் நின்றபடியே தின்றாள். "அடேயப்பா, அவரு செஞ்ச மாதிரியே இருக்கு," என்றாள்.

எட்டாம் தேதி காய்ச்சல் வந்தது. டாக்டர் மருந்து கொடுத்தார், இரண்டு நாளில் இறங்கிற்று. பத்தாம் தேதி மறுபடியும் தோட்டத்தில் நாற்காலி போட்டேன். நெஞ்சில் கொதிப்பு இருக்கிறவருக்குக் குளிர்ச்சி இதமாக இருக்கும் என்று நினைத்தேன். பதினாறாம் தேதி மாலை மூச்சு இரைக்கத் தொடங்கி உதடு நீலமாகிவிட்டது. நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லாத அளவு கூட்டம்.

இதோடு முடிந்திருக்கும். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவருடைய தங்கை, எங்கள் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காதவள், கவனிப்பில் கோளாறு என்று நகராட்சிக்குப் புகார் எழுதினாள். அவர்கள் கவனிப்புப் பதிவுத் தாள்களைப் புரட்டினார்கள். பத்தாம் தேதி மாலை, காப்பியில் பொடி கலந்தேன் என்று மைபிரிட் குறியிட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அது போதுமானதாக இருந்தது. அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை என் சமையலறையில் வந்து உட்கார்ந்து அழுதாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"அன்னிக்கிப் பொடி போட்டேனா இல்லையான்னு எனக்கே ஞாபகம் இல்ல, ஆஸ்தா. போன்ல பேசிக்கிட்டே காப்பி கலந்தேன். நான்தான் பண்ணிட்டேன் போல."

"நீ ஒண்ணும் பண்ணல."

"இல்ல, நான்தான். ஒருத்தர் உயிர் போச்சு, அது என் கையால."

"உன் கையால இல்லன்னு சொல்றேன்ல."

"நீங்க நல்லவங்க, அதனால அப்படிச் சொல்றீங்க. நான்தான்."

காப்பிக் கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்தேன். நான்தான், நான்தான் என்று அந்தச் சமையலறையில் இன்னொருவர் வாயிலிருந்து கேட்க என்னால் முடியவில்லை. நான் மூன்று வாரம் மெனக்கெட்டுச் செய்த காரியம் அது. எந்த நாள் என்ன கலந்தேன் என்று இப்போதும் வரிசையாகச் சொல்வேன். போனில் பேசிக்கொண்டே ஒரு பெண் மறந்துபோன ஒரு கரண்டிப் பொடியால் நடந்தது என்று அதை எழுதி மூடிவிடுவதா. தாளில் அவள் பெயரைப் போடுவதா.

அவள் மேல் இரக்கப்பட்டு வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்படி எழுதினால் தவறில்லை. அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேண்டும். ஆனால் பெயர் எழுதும் இடத்தில் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள்.

கடைசி நாள்வரை அவர் கேட்டுத்தான் கொடுத்தீர்களா என்கிறீர்கள்.

கேட்டார் என்றுதான் சொல்ல வந்தேன். முதல் இரண்டு வாரம் கேட்டது உண்மை. காய்ச்சல் வந்து போன பிறகு கேட்கவில்லை. நாற்காலியைத் தோட்டத்துக்குத் திருப்பினாலே "இல்லை" என்பார். வாயை இறுக்கி மூடிக்கொள்வார். நான் அவசரப்பட்டதில்லை. ஐஸின் நுனியை உதட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். மூச்சுக்காக வாயைத் திறந்துதானே ஆகவேண்டும். திறக்கும்போது உள்ளே போகும். மீதியை முகவாயை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊட்டுவேன்.

பதினாறாம் தேதியும் அப்படித்தான். நல்ல வெயில். ராஸ்பெரி ஐஸ். மூன்று தடவை "இல்லை" என்றார். நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார், பிடியில் வலு இல்லை. பாதி இறங்கிய பிறகு, வழக்கம்போல, "இதை யாரு செஞ்சது?" என்று கேட்டேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். உதடு எதையோ தேடிற்று. பிறகு சொன்னார். குழறாமல், தெளிவாக, பழைய தோர்கிலின் குரலில்.

"நீ."

எனக்கு அது நன்றாகவே கேட்டது.

குச்சியில் பாதி மீதி இருந்தது. அதையும் ஊட்டிவிட்டேன்.